இலவசப் பிரதி யாரிடம் போய்ச் சேர்கிறது? நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும் சொந்தமாக அச்சிட்ட அறிவியல் நாவலும்

1. கேள்வியும் எல்லையும்

மலேசியாவில் தமிழ் எழுத்தாளர் ஒருவர் தம் நாவலைத் தாமே அச்சிட்டுத் தாமே விற்பது விதிவிலக்கு அன்று, அதுதான் வழக்கம். க.வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வந்தது. அன்று முதல் நூறாண்டைக் கடந்துவிட்ட இந்நாட்டுத் தமிழ் நாவல் வரலாற்றில், எழுத்தாளரின் கைக்காசையும் நண்பர்களின் ஒத்துழைப்பையும் நம்பி வெளிவந்த நூல்கள் ஏராளம். நாவல் அறிவியல் புனைவாக இருந்துவிட்டால் சிரமம் இரட்டிப்பாகிறது. தோட்ட வாழ்வையோ சயாம் மரண ரயிலையோ பேசும் நாவலுக்குக் கல்விக்கழகக் கருத்தரங்கில் ஓர் இடம் உண்டு. விண்கலமும் மரபணுவும் பேசும் நாவலுக்கு அந்த இடமும் உறுதியில்லை.

இந்நிலையில் அடிக்கடி முன்வைக்கப்படும் யோசனை ஒன்று: முதல் நூலை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். கையில் கிடைத்தால் படிப்பார்கள், படித்தால் பேசுவார்கள், பேசினால் அடுத்த நூல் விலைபோகும். இதற்கு நேர் எதிரான கருத்தும் உண்டு. காசு கொடுக்காமல் வந்த நூலை எவரும் மதிப்பதில்லை, இலவசம் எழுத்தாளரையும் வாசகரையும் சேர்த்தே தாழ்த்துகிறது என்பது அது. இரு தரப்பும் விலையையே மையமாக வைத்து வாதிடுகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரை வாசகராக எண்ணிப் பார்க்கும்போது, சிக்கல் விலையில் இருப்பதைவிடத் தொலைவில் இருக்கிறது என்பது என் முடிவு. நூலுக்கும் வாசகருக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்கும் இலவசம் பயன்தருகிறது. விலையை மட்டும் நீக்கும் இலவசம் பெரும்பாலும் வீணாகிறது.

நெகிரி செம்பிலானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீலாய், லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமஞ்சே என்று நீளும் இம்மாநிலத்தின் தமிழர் வரலாறு பெரும்பாலும் ரப்பர்த் தோட்ட வரலாறு. பின்னர் செம்பனைத் தோட்ட வரலாறு. 60க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இங்கு இயங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இன்றும் இருக்கிறது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்களோ பெரும்பாலும் சிரம்பானையும் நீலாயையும் சுற்றியுள்ள தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன; எஞ்சிய தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. ஆகவே தோட்டப்புற வாசகர் என்று இக்கட்டுரை குறிப்பது தோட்டத்தில் இன்னும் வாழ்பவரையும், தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறைத் தொலைவில் இருப்பவரையும் சேர்த்தே.

2. அறிவியல் புனைவு தோட்டத்துக்கு அந்நியமா?

இலவசம் பற்றிப் பேசுமுன் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டப்புறத்தில் அறிவியல் நாவலை யார் படிப்பார்கள் என்று கேட்போர், அவ்வகை எழுத்து நகரத்துப் படித்த இளைஞருக்கு உரியது என்று நம்புகிறார்கள். தோட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். 1981 வரை மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கையைக் கைகளால் செய்தார்கள். மகரந்தத்தைச் சேகரித்து, பாளை விரியும் பருவம் பார்த்து, மரம் மரமாகத் தூவினார்கள். பெண்கள் பெருமளவில் இருந்த குழுக்களின் அன்றாட வேலை அது. அவ்வாண்டு, கெமரூனிலிருந்து கொண்டுவந்த எலைடோபியஸ் கமெருனிகஸ் என்னும் சிறு வண்டு தோட்டங்களில் விடப்பட்டது. வண்டு பெருகியது, காய்ப்பு கூடியது, கைகளுக்கு அந்த வேலை இல்லாமற்போனது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்சி ஒரு தொழிலையே சில ஆண்டுகளில் அழித்துவிட்டது என்பதைக் கற்பனைக் கதையாக எழுதினால் வாசகர் நம்பத் தயங்குவார். தோட்டத்துப் பெண்கள் அதை வாழ்ந்து பார்த்தவர்கள்.

நெகிரி செம்பிலானுக்கே உரிய இன்னொரு நிகழ்வு நீப்பா. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் போர்ட்டிக்சனை அடுத்த புக்கிட் பெலண்டோக் பன்றிப் பண்ணைகளை உலுக்கியது. தொடக்கத்தில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கொண்டார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்னும் மலேசிய ஆய்வாளரின் ஆய்வுக்கூடப் பணி இது முன்பின் அறியாத வைரஸ் என்று காட்டியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றதாகவும் 105 பேர் இறந்ததாகவும் பதிவு; பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அந்த வைரஸ் இன்று உலகெங்கும் சுமக்கும் பெயர் இம்மாநிலத்துச் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயர். எதிர்கால நோய்களைப் பற்றி எழுதும் எந்த நாட்டு எழுத்தாளரும் நெகிரி செம்பிலானைத் தாண்டிப் போக முடியாது. தமிழில் எழுதுபவர் மட்டும் ஏன் நியூயார்க்கில் கதையைத் தொடங்க வேண்டும்?

1998இல் நீலாய்க்குப் பக்கத்திலேயே, சிப்பாங்கில், பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அதுவரை செம்பனையும் ரப்பரும் நின்ற மண் அது. தோட்டத் துண்டாடலில் வேலை இழந்த தாத்தா, வண்டு வந்து வேலை மாறிய பாட்டி, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் மகன் என மூன்று தலைமுறைகளாகத் தொழில்நுட்பத்தின் முதல் அடியைத் தாங்கிய சமூகம் இது. அறிவியல் புனைவின் அடிப்படைக் கேள்வி, புதிய கருவியொன்று வந்தால் மனிதர் வாழ்வு என்னாகும் என்பது. அதை எண்ணிப் பார்க்க இச்சமூகத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாசிப்பு நிகழாததற்கு ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. நூல் அவர்களிடம் போகவில்லை.

3. வெளியீட்டு விழா என்னும் இலவச முறை

இலவச வினியோகம் மலேசியத் தமிழுக்குப் புதிதாக வந்த உத்தி என்று எண்ணுவது தவறு. நம் நூல் வெளியீட்டு விழாவே ஒருவகை இலவச முறைதான்.

அதன் அமைப்பை அறியாதவர் இல்லை. தலைவரோ தொழிலதிபரோ முதல் நூலைப் பெருந்தொகை கொடுத்துப் பெறுகிறார். அடுத்துச் சிறப்புப் பிரதி பெறுவோர் மேடையேறி, உறையை நீட்டி, நூலை வாங்கி, படமெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். உறைக்குள் இருப்பது நூலின் விலைக்கு ஈடான தொகை அன்று. அவரவர் வசதிக்கும் எழுத்தாளரிடம் உள்ள உறவுக்கும் ஏற்ற அன்பளிப்பு. திருமண மொய்யின் இலக்கணம் இங்கு அப்படியே செயல்படுகிறது. சிலர் தரும் கூடுதல் தொகை, பலருக்குப் போகும் நூலின் விலையை ஈடுசெய்கிறது. அச்சகச் செலவு அன்று மாலையே தீர்ந்துவிட்டால் எழுத்தாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம். இந்த முறையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அரசு உதவியும் பதிப்பக முதலீடும் அரிதான ஒரு மொழிக்குழு, தன் நூல்களைத் தானே தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி இது. இம்முறை இல்லையென்றால் நம் நூலக அடுக்குகள் பாதி காலியாக இருக்கும்.

ஆனால் வாசகர் என்ற கோணத்தில் பார்த்தால் குறை தெளிவாகத் தெரிகிறது. விழாவில் நூல் பெறுபவர் எழுத்தாளரின் வட்டத்தினர்: சக எழுத்தாளர், ஆசிரியர், அமைப்புத் தலைவர், உறவினர். அறிவியல் நாவலை ஆர்வத்தோடு படிக்கக்கூடிய சிறுவரும் பதின்ம வயதினரும் அந்த மண்டபத்தில் இருப்பது அரிது. இருந்தாலும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவோ பரதம் ஆடவோ வந்திருப்பார்கள். நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் அது போய்ச் சேர்கிறது. சமூக நாவலுக்கு இது ஓரளவு பொருந்தலாம். அறிவியல் நாவலுக்கு இது அடிப்படைப் பிழை.

சட்டமும் ஓர் இலவசத்தைக் கேட்கிறது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு வழங்க வேண்டும். பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது. இதையும் வாசகரை அடையும் வழியாக எண்ணிக்கொள்ள முடியாது.

4. உலக அனுபவம்: திறந்த கதவும் ஒரு வார இலவசமும்

நாவலை இலவசமாகக் கொடுத்து வாசகரைத் தேடும் சோதனைகள் உலகில் மிகுதியாக நடந்தது அறிவியல் புனைவுத் துறையில்தான். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் பேன் பதிப்பகம், எரிக் பிளின்ட் என்ற எழுத்தாளரின் முனைப்பால், தன் நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்தது. 2003இல் கோரி டாக்டரோவ் தம் முதல் நாவலை அச்சில் வந்த அன்றே படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2006இல் பீட்டர் வாட்ஸின் 'பிளைண்ட்சைட்' கடைகளில் கிடைக்காமல் முடங்கும் நிலை வந்தபோது அவரும் அதையே செய்தார். இலவசப் பிரதி பரவியதே அந்நாவலைக் காப்பாற்றியது என்பது அவர் கருத்து. இன்று அது அத்துறையின் முக்கிய நாவல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஆண்டி வீயரின் 'தி மார்ஷியன்'. 2009 முதல் தம் இணையத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக எழுதினார். படித்தவர்கள் கிண்டில் கருவியில் வாசிக்க வசதி கேட்டார்கள். 2011இல் அங்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்டுக்கு வைத்தார். 2014இல் பெரும் பதிப்பகம் வெளியிட்டது. 2015இல் திரைப்படம் ஆனது. இலவசத்தின் வெற்றிக் கதையாகவே இதைச் சொல்வார்கள். ஆனால் இலவசமாக எடுத்தவரைவிட 99 சென்ட் கொடுத்து வாங்கியவரே அதிகம் என்று வீயர் கூறியிருக்கிறார். காசில்லாமல் கிடைத்தும் அத்தளத்துக்கு வராதவர்கள், தங்கள் கையிலிருந்த கருவிக்கே நூல் வந்தபோது காசு கொடுத்தார்கள். இங்கு வென்றது அருகாமை. தோட்டப்புறத்துக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இது.

தனிக் கதைகளை நம்பி முடிவெடுப்பதில் ஆபத்து உண்டு. தோற்றவர் கதை நமக்கு வந்து சேர்வதில்லை. ஆகவே ஜான் ஹில்டனும் டேவிட் வைலியும் 2010இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. இலவச மின்பதிப்பு வெளியான 41 நூல்களின் அச்சு விற்பனையை, வெளியீட்டுக்கு முந்திய எட்டு வாரங்களிலும் பிந்திய எட்டு வாரங்களிலும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நூல்களை நான்கு தொகுதிகளாகப் பிரித்தார்கள். மூன்று தொகுதிகளில் மொத்த விற்பனை கூடியது. நான்காவது தொகுதி, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் பேர்பெற்ற டோர் பதிப்பகத்தின் 24 நூல்கள். அதில் விற்பனை குறைந்தது. டோர் கொடுத்த இலவசம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. பெயர் பதிந்தவருக்கு மட்டும், ஒரு நூல் ஒரு வாரம் என்ற அளவில் அது கிடைத்தது. காலம் குறுகியது, வாசல் குறுகியது. இதுவே சரிவுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல அவ்வாய்வு இடம்தரவில்லை. இடைப்பட்ட பருவமும் நூல்களின் வயதும் காரணமாயிருக்கலாம். இருப்பினும், இலவசம் என்ற ஒரே பெயரின்கீழ் இருவேறு செயல்கள் நடக்கின்றன என்பதை அது காட்டிவிடுகிறது. திறந்தே இருக்கும் கதவு ஒன்று. சில நாள் திறந்து மூடும் கதவு மற்றொன்று.

5. தமிழ் மின்வெளியில் இரு பாதைகள்

தமிழிலும் இவ்விரு பாதைகள் உள்ளன. 1998 பொங்கலன்று கு.கல்யாணசுந்தரம் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் இலவசமாக மின்பதிப்பாக்கியது. 2013இல் த.சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் அதே எண்ணத்தை வாழும் எழுத்தாளர்களிடம் கொண்டுவந்தது. எழுத்தாளரே படைப்பாக்கப் பொதும உரிமம் கொடுக்கிறார். தன்னார்வலர்கள் கைப்பேசிக்கும் படிப்பானுக்கும் ஏற்ற வடிவங்களில் நூலை ஆக்கித் தருகிறார்கள். யாரும் எடுக்கலாம், யாருக்கும் அனுப்பலாம். கதவு மூடுவதில்லை.

மறுபாதை அமேசான் கிண்டில். 2016 இறுதியில் அது தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியதும், பதிப்பாளர் தயவின்றி நாவலை வெளியிடும் வாய்ப்புப் பலருக்குக் கிடைத்தது. 2018 முதல் நடந்த 'பென் டு பப்ளிஷ்' போட்டியின் தமிழ்ப் பிரிவும் பல புதியவர்களை எழுதவைத்தது. அங்குள்ள கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேரும் நூலை 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். விலையாக எழுத்தாளர் கொடுப்பது, அந்த 90 நாளும் மின்பதிப்பை வேறெங்கும் வைக்க முடியாது என்ற ஒப்புதல். ஐந்து நாள் இலவசத்துக்காக 90 நாளும் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கோப்பை அனுப்பும் உரிமையை அவர் இழக்கிறார். தமிழ்நாட்டிலுள்ள எழுத்தாளருக்கு இது ஏற்கத்தக்க பேரமாக இருக்கலாம். அங்கு அமேசானின் இந்தியக் கடை இருக்கிறது, கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் படிக்கும் கூட்டம் இருக்கிறது.

மலேசியாவில் நிலைமை வேறு. இந்நாட்டுக்கென்று கிண்டில் கடை இல்லை. அமெரிக்கக் கடையில் கடன் அட்டையும் கணக்கும் கொண்டு வாங்க வேண்டும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழு வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க விற்பனையில் வரும் உரிமத்தொகையில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். பகாவில் படிவம் இரண்டு படிக்கும் மாணவிக்குக் கடன் அட்டை ஏது? ஐந்து நாளில் அந்நூலை எடுப்பவர் சென்னையிலும் டொரான்டோவிலும் இருப்பார். எழுத்தாளரின் சொந்த மாநிலத்தில் ஒருவரும் இல்லாமற்போகலாம். பதிவிறக்க எண்ணிக்கை மகிழ்ச்சி தரும். படித்தவர் எண்ணிக்கை அது அன்று.

அறிவியல் புனைவுக்கு இணையத்தில் நிகழ்ந்த நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் தொடங்கிய 'அரூ' மின்னிதழ் அடுத்த ஆண்டு முதல் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிகள், சுஜாதாவுக்குப் பின் இவ்வகை எழுத்தில் ஏற்பட்ட தேக்கத்தை அசைத்தன. அங்கு எல்லாம் இலவசமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. கதைகளைப் பற்றிய விவாதமும் உடன் நடப்பதே அதன் பலம். பேசுவதற்கு இடம் இருந்ததால் இலவசம் அங்கு பொருள் பெற்றது.

6. தோட்டத்தில் எழுத்து கைமாறிய வழிகள்

ஒரு காலத்தில் தோட்டப்புறத்திலும் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தன. நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிற்சங்கப் பணியில் வளர்ந்த பி.பி.நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். அச்சங்கத்தின் 'சங்கமணி' ஏடு கிளைகள் வழியாகத் தோட்டங்களுக்குப் போனது. தமிழ் இளைஞர் மணிமன்றக் கிளைகள் படிப்பகம் வைத்தன, பேச்சுப் போட்டி நடத்தின. 'தமிழ் நேசன்' 1950இல் சுப.நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு கதை வகுப்பு நடத்தியபோது, பாடம் தபாலில் வரவில்லை, நாளிதழோடு வந்தது. தோட்டத்தில் ஒருவர் வாங்கிய இதழைப் பலர் படித்தார்கள், எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக்காட்டினார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போன்ற தொடர்களும் வாரப் பத்திரிகையின் வழியேதான் தமிழ் வாசகரை அடைந்தன. ஜீனோ என்ற இயந்திர நாயை விரும்பிய தமிழ் வாசகர்களுள் பலர் அறிவியல் நூல் தேடிப் போனவர்கள் அல்லர். வார இதழைப் பிரித்தவர்கள்.

வானொலி இன்னும் பெரிய வழி. அரசாங்கத்தின் தமிழ் ஒலிபரப்பு, இன்றைய மின்னல் பண்பலை, நாடகத்தையும் சிறுகதையையும் லயத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் நாம் அறிந்த ரெ.கார்த்திகேசு, அதற்கு முன் அந்த ஒலிபரப்பில் பணியாற்றியவர். ஒலிபரப்பிலும் இலக்கியத்திலும் ஒருங்கே கால் வைத்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. எழுத்து, மக்கள் ஏற்கனவே கூடும் இடத்துக்கு, அவர்கள் அறிந்த ஒருவர் கையால் வந்தது. விலை குறைவாகவோ இல்லாமலோ இருந்தது இரண்டாம் நிலைச் செய்தி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, நகரியங்களாக மாறியபோது வீடுகளோடு சேர்ந்து இந்தக் கைமாற்றுச் சங்கிலியும் அறுந்தது. படிப்பகம் இருந்த இடம் சாலையானது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. இன்று சொந்தமாக நாவல் அச்சிடும் எழுத்தாளர் எதிர்கொள்வது இந்த வெற்றிடத்தை. வெற்றிடத்தில் வைத்த இலவசப் பிரதி வைத்த இடத்திலேயே கிடக்கும்.

7. இரண்டு மறுப்புகள்

இலவசமாக வந்ததை மதிக்க மாட்டார்கள் என்ற மறுப்பை முதலில் பார்க்கலாம். இது பொருளியலில் சோதித்துப் பார்க்கப்பட்ட கூற்று. ஜெசிக்கா கோஹனும் பஸ்கலின் டூபாவும் கென்யாவின் கர்ப்பிணிப் பெண்களுக்கான மருத்துவ நிலையங்களில் கொசுவலைகளை இலவசமாகவும் வெவ்வேறு விலைக்கும் கொடுத்துப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசமாகப் பெற்றவர்கள் காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. விலை வைத்ததும் வாங்குவோர் தொகை மட்டும் பெரிதும் சரிந்தது. கொசுவலையும் நாவலும் ஒன்றல்ல. வலையின் தேவை முன்பே உணரப்பட்டது. நாவலின் தேவையை உருவாக்க வேண்டும். ஆயினும் ஏழை இலவசத்தை மதிக்க மாட்டார் என்ற பேச்சு ஆராயாமல் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒன்று என்பதை இவ்வாய்வு நினைவூட்டுகிறது.

விலை ஒரு பொருட்டே அல்ல என்றும் நான் சொல்லவில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 வேலை நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். 30 ரிங்கிட் விலையிட்ட நாவல் கிட்டத்தட்ட அரைநாள் கூலி. பிள்ளைக்கு வாங்கலாமா என்று எண்ணும் தாய் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் யோசிக்கும் நிலைக்கு வருவதற்கே நூல் அவர் கண்ணில் பட வேண்டும். சிரம்பானில் தமிழ் நூல் விற்கும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது, நான் பெரிதும் மதிப்பது. இலவசத்தின் சுமையை யார் தாங்குகிறார்? எழுத்தாளர். உழைப்புக்கு ஊதியம் கேட்டுப் போராடிய தொழிலாளர் வரலாற்றைக் கொண்ட மாநிலத்தில், எழுத்துழைப்பை மட்டும் காணிக்கையாகக் கேட்பது முரண். ஆகவே நூலின் எல்லாப் பிரதிகளையும் என்றென்றும் இலவசமாக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. வெளியீட்டு விழாவில் சிலர் கூடுதலாகத் தரும் தொகை பலரின் பிரதிக்கு ஈடாகும் முறை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதன் திசையைத் திருப்பினால் போதும். சிறப்புப் பிரதி பெறுபவர், தம் கையில் வாங்கும் ஒன்றோடு, பெயர் குறித்த ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மூன்று பிரதிகளின் செலவை ஏற்கலாம். வி.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கியது. அச்சங்கம் இன்றும் இலக்கியப் பரிசுகளுக்குத் துணைநிற்கிறது. எழுதியவருக்குப் பரிசு தரும் அமைப்புகள் வாசிப்பவருக்குப் பிரதி வாங்கித்தரவும் முன்வரலாம்.

8. பள்ளி வழி

அறுந்த சங்கிலிகளில் இன்னும் அறுபடாதது தமிழ்ப்பள்ளி. தாமானுக்குப் போன குடும்பமும் பிள்ளையை அங்குதான் அனுப்புகிறது. அறிவியல் புனைவுக்கு அது இன்னும் பொருத்தம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான இளம் அறிவியலாளர் விழாக்கள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. கிராமத்துச் சிறு பள்ளிகளும் ஆய்வுகளோடு மேடையேறுகின்றன. எலுமிச்சையில் மின்சாரம் எடுத்துக்காட்டும் சிறுமிக்கு, தன் மொழியில் ஓர் அறிவியல் கதை கிடைப்பதில்லை. மாணவர் படித்த நூலைப் பதியும் நிலாம் வாசிப்புத் திட்டமும் பள்ளிகளில் இருக்கிறது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டபின் ஆறாம் ஆண்டில் பயிற்சி நூல்களின் பிடியும் சற்றுத் தளர்ந்துள்ளது.

பள்ளி வழியே சிறுவர் நாவல் போக முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே முன்னோடி உண்டு. 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' முதலான கே.பாலமுருகனின் சிறுவர் மர்ம நாவல்கள் தமிழ்ப்பள்ளி மாணவரை நேரடியாக நோக்கி எழுதப்பட்டவை. ஆசிரியரான அவருக்கு அந்த வாசகரின் மொழியும் பொறுமையும் தெரியும். அறிவியல் நாவல் எழுதுவோர் அவரிடமிருந்து கற்க வேண்டியது விற்பனை உத்தியை அல்ல, வாசகரை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு எழுதும் ஒழுக்கத்தை.

நடைமுறையில் இது எப்படி அமையும்? 500 பிரதி அச்சிடும் ஒருவர், மாநிலத்தின் 60 பள்ளிகளுக்கு மூன்று வீதம் அனுப்பினால் 180 பிரதி செலவாகும். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று வகுப்பாசிரியருக்கு, ஒன்று கைமாறிக்கொண்டே இருக்க. மூன்றையும் அஞ்சலில் அனுப்பிவிட்டு எழுத்தாளர் வீட்டில் இருந்துவிடக் கூடாது. அருகிலுள்ள சில பள்ளிகளுக்காவது நேரில் போய் முதல் அத்தியாயத்தைத் தாமே வாசிக்க வேண்டும். புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துப் பள்ளியில் நீப்பாவைப் பற்றியும், செம்பனைக்கு நடுவிலுள்ள பள்ளியில் அந்த வண்டைப் பற்றியும் பேச வேண்டும். முதல் சில அத்தியாயங்களின் ஒலிப்பதிவு பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுக்களில் கட்டுப்பாடின்றிப் பரவட்டும். எஞ்சிய 320 பிரதிகள் விழாவிலும் விற்பனையிலும் போகட்டும். மின்பதிப்பைக் கிண்டிலில் வைப்பதானால் செலக்ட் திட்டத்தைத் தவிர்க்க வேண்டும், குறைந்தது முதல் ஆண்டிலாவது.

இம்முறை வென்றதா தோற்றதா என்று அறியப் பதிவிறக்க எண்ணிக்கை உதவாது. நாவலை இரண்டு பாகமாக எழுதி, முதல் பாகத்தை மட்டும் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம். இரண்டாம் பாகம், மாணவரே கேட்டு எழுதும் பள்ளிக்கு மட்டும். எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை கடிதம், எந்த வயதில், எத்தனை வாரம் கழித்து வந்தது என்று குறித்துவைத்தால், மலேசியத் தமிழ் நாவலின் வாசகரைப் பற்றி ஊகமாக இல்லாமல் கணக்காக நம் கையில் முதலில் இருக்கப்போவது அதுவாகலாம். கடிதம் வராத பள்ளிகளின் பட்டியலையும் அதே கவனத்தோடு வைத்திருக்க வேண்டும். அடுத்து நேரில் போக வேண்டியது அங்குதான்.